தொலைக் கலந்துரையாடலுக்கு ஏற்ற காமிரா

தொலைவில் உள்ளாரை நேரில் காண்பதுபோற் கண்டு உரையாடும் முறை, நம் நாட்டில் கல்விக்கும் மருத்துவத்திற்கும் பெருந்துணையாக வளர்ந்துள்ளது. இதில் பெங்களூருக்குச் சிறப்பான இடம் உண்டு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் அந்நகரில் உள்ளது. 2002-ஆம் ஆண்டளவில், அந்நிறுவனத்தின் துணைக்கோள் இணைப்பால், பெங்களூரின் நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையும் சாம்ராஜநகர் மாவட்ட மருத்துவமனையும் இணைக்கப்பட்டன. சாலைவழி 150 கிலோமீட்டருக்கு மேல் உள்ள இருதய நிபுணர், அங்குள்ள நோயாளியைத் திரையிற் கண்டு ஆலோசனை கூற வழி பிறந்தது. 2004 செப்டம்பர் 20-ஆம் நாள் ஏவப்பட்டு, 2010 வரை பணிபுரிந்த ‘எடுசாட்’ துணைக்கோள், விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாடங்களைக் கர்நாடகத்துக் கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றது.

இணைப்பு எத்துணைச் சிறந்ததாயினும், காமிரா காணாததைத் திரை காட்டாது. நோயாளியின் உதட்டில் படர்ந்துள்ள நீலம், மருத்துவருக்கு ஓர் அறிகுறி; கரும்பலகையில் ஓர் எழுத்தின் சுழி, மாணவனுக்குப் பொருள். இவை தெளிவாகத் தெரியவில்லையெனில் கலந்துரையாடலால் பயன் குறைவு. ஆகவே காமிராவை வாங்குமுன், அது எதனைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்க.

முதலாவது கருதத்தக்கது பார்வைக் கோணம். கரும்பலகையிலிருந்து 4 மீட்டர் தூரத்தில் காமிராவை வைத்ததாகக் கொள்வோம். அதன் கிடைக் கோணம் 90 பாகையாயின், 8 மீட்டர் அகலமுள்ள காட்சி படத்தில் அடங்கும். 1920 புள்ளிகள் கொண்ட படத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 2.4 புள்ளிகளே கிடைக்கும். 3 சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு ஏழு புள்ளிகள்தாம். தமிழ், கன்னட எழுத்துக்களின் சுழிகளைக் காட்ட இது போதாது. கோணம் 30 பாகையாயின், காட்சியின் அகலம் சுமார் 2.1 மீட்டராகக் குறைந்து, அதே எழுத்துக்கு ஏறத்தாழ 27 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் அறை முழுவதும் தெரியாது. ஆதலால் சிறு அறையில் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருக்கு அகன்ற கோணமும், கரும்பலகைக்குக் குறுகிய கோணமும் ஏற்றவை. இரண்டும் வேண்டுமாயின், திரும்பவும் லென்ஸின் குவியத்தை மாற்றவும் வல்ல காமிராவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். லென்ஸ் நகர்ந்து பெரிதாக்குவதே உண்மையான பெரிதாக்கம். மின்னணு முறைப் பெரிதாக்கம், உள்ள புள்ளிகளைப் பெருக்கிக் காட்டுவதேயன்றிப் புதிய நுட்பம் எதனையும் தராது.

இரண்டாவது ஒளி. ஒளி குறைந்த அறையில் காமிரா தன் மின்குறியைப் பெருக்கும். அப்போது படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். இதனால் விளையும் தீங்கு இரட்டிப்பானது. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம், நொடிக்கு 25 சட்டங்கள் வீதம், புள்ளி ஒன்றுக்கு 24 பிட் எனக் கணக்கிட்டால், நொடிக்குச் சுமார் 124 கோடி பிட் ஆகும். இதனைச் சில பத்து லட்சம் பிட்டாகச் சுருக்கியே சாதாரண இணைப்பில் அனுப்புகிறோம். மணற்புள்ளிகள் சட்டத்துக்குச் சட்டம் மாறுவதால், சுருக்கும் கருவி அவற்றையும் செய்தியென்றே கொண்டு, கிடைத்த பிட்டுகளை அவற்றிற்குச் செலவிடும். முகமும் எழுத்தும் மங்கும். எனவே, பெரிய ஒளி உணரி கொண்ட காமிராவும், முகத்தின்மேல் முன்புறமிருந்து விழும் நல்ல விளக்கும் வேண்டற்பாலன. சாளரத்திற்கு முதுகு காட்டி அமர்தல் கூடாது.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. பழைய குழல்விளக்கு இதனால் நொடிக்கு 100 முறை மினுங்கும். காமிரா 60 சுழற்சி நாடுகளுக்கான அமைப்பில் இருந்தால் கரிய பட்டைகள் படத்தில் ஊர்ந்து செல்லும். 50 சுழற்சிக்கு மாற்றும் வசதி உண்டா என்று பார்த்தே வாங்குக.

நிறமும் முக்கியம். ஒரு வெள்ளைத் தாளைக் காமிராவின் முன் பிடித்து, அது வெண்மையாகவே தெரியுமாறு நிறச் சமனை நிலைநிறுத்த வேண்டும். தானாகவே மாறும் சமன், வண்ணச் சுவரால் ஏமாறக்கூடும். மருத்துவப் பணிக்கு இவ்வசதி இன்றியமையாதது.

இணைப்பு ஏற்காத அளவிற்கு மிகுந்த புள்ளிகளுக்காகச் செலவிடுவது வீண். சாதாரண யு.எஸ்.பி. 2 கம்பி 5 மீட்டருக்கு மேல் பயன்படாது. அறை நீளமாயின், வலைக்கம்பி வழியே இயங்கும் காமிரா தக்கது. காமிராவைக் கண்மட்டத்தில், திரைக்கு அருகில் வைத்தால், பேசுவோர் ஒருவரையொருவர் நோக்குவதுபோல் தோன்றும். ஒலிக்குத் தனி ஒலிவாங்கியைப் பேசுவோர் அருகில் வைத்தல் நலம்.

வாங்குமுன் காமிராவை உரிய அறையிலேயே, அதே விளக்கொளியில் சோதித்துப் பார்க்கவேண்டும். கரும்பலகையில் வழக்கமான அளவில் ஒரு வரி எழுதி, மறுமுனையில் உள்ளவரைப் படிக்கச் சொல்க. அவர் தடையின்றிப் படித்தால், அக்காமிரா அவ்வறைக்குத் தகுதியுடையதாகும்.