பேங்க் இன்ஜினியர் போடும் கணக்கு

வீட்டை விற்கும் முன்… தொடர் – 4

ஒரே வீட்டுக்கு நாலு விலை உண்டு. வீட்டுக்காரர் மனதில் வைத்திருப்பது ஒன்று, புரோக்கர் சொல்வது ஒன்று, பதிவுத்துறை எழுதி வைத்திருப்பது ஒன்று, வங்கி ஒப்புக்கொள்வது ஒன்று. தெருவில் பேச்செல்லாம் முதல் இரண்டைப் பற்றித்தான். பத்திரச் செலவு, வரி, கடன் என்று பணம் கைமாறும் இடத்துக்கு வந்துவிட்டால், பேசுவது மற்ற இரண்டும்தான்.

வில்லங்கச் சான்றைச் சென்ற வாரம் பார்த்து முடித்தோம். அடுத்த வேலை மதிப்பீடு. “விற்கப்போகிற எனக்கு வங்கியின் மதிப்பு எதற்கு?” என்று கேட்கலாம். வாங்குகிறவர் பெரும்பாலும் கடனில்தான் வாங்குவார். பேசிய விலை ஒரு கோடி, அவருடைய வங்கி போட்ட மதிப்பு 86 லட்சம் என்றால், அவர் கடன் 86 லட்சத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். மிச்சத்துக்கு அவர் ரொக்கம் தேட வேண்டும். கிடைக்காவிட்டால், அட்வான்ஸ் வாங்கிய பிறகு பேரம் முறியும்.

அந்த 86 லட்சம் எப்படி வருகிறது? உதாரணமாக, சென்னைப் புறநகரில் அரை கிரவுண்ட், அதாவது 1,200 சதுர அடி மனை. அதில் 20 ஆண்டுக்கு முன் கட்டிய 1,000 சதுர அடி கான்கிரீட் வீடு. அக்கம்பக்கத்தில் சமீபத்தில் விற்ற மனைகளைப் பார்த்து, சதுர அடிக்கு 6,000 ரூபாய் என்று மதிப்பீட்டாளர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைக்கு 72 லட்சம். அதே வீட்டை இன்று கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். இதில் தேய்மானம் போக வேண்டும். கான்கிரீட் கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் மிஞ்சும் பழைய பொருளுக்கு 10 சதவீதம் என்பது பரவலாக உள்ள கணக்கு. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதமாக 20 ஆண்டுக்கு 30 சதவீதம் கழிந்தால், கட்டடம் 14 லட்சத்தில் நிற்கும். ஆக மொத்தம் 86 லட்சம்.

இதில் உங்கள் தேக்கு நிலை, கிரானைட் தரை, மாடுலர் கிச்சன் எல்லாம் எங்கே போயின? பழைய நகையை விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் எங்கே போகுமோ, அங்கேதான். வாங்க வருகிறவர் கண்ணுக்கு அவை அழகு. பேரம் சீக்கிரம் முடிய உதவும். மதிப்பீட்டு அறிக்கையில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் சொற்பம். ஏறுவது மண், இறங்குவது கட்டடம். அடுக்குமாடி வீட்டில் இந்த மண், பிரிபடாத பாகமாக (யூ.டி.எஸ்.) பத்திரத்தில் இருக்கிறது. பழைய ஃபிளாட் விற்கிறவர் யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து காகிதம். மதிப்பிட வரும் இன்ஜினியர் ஒரு கையில் டேப்பும் மறுகையில் அனுமதி வரைபடமுமாக வருவார். வாசலில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான்:

“மாடியில ரெண்டு ரூம் இருக்கே சார், அதைக் கணக்குல எடுக்கலையா?”

“பிளான்ல இல்லையே சார்.”

அனுமதி இல்லாத மாடிக்குப் பல வங்கிகள் மதிப்பே போடுவதில்லை. விதிமீறல் பெரிதாக இருந்தால் கடனே கிடைக்காமலும் போகலாம். பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு என்றிருந்தால், எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். அதனால் பெயின்ட் அடிக்கும் முன் பட்டாவைச் சரிசெய்யுங்கள்.

இனி, பதிவுத்துறை எழுதி வைத்திருக்கும் விலையான வழிகாட்டி மதிப்பு. 2017 ஜூனில் தமிழக அரசு இதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றியது. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. கட்டணம் 2 சதவீதமாக இறங்கியது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம். பல இடங்களில் சந்தை விலையைவிட வழிகாட்டி மதிப்பு குறைவு. சில தெருக்களில் கதை தலைகீழ். அங்கேதான் விற்பவருக்குச் சிக்கல். வழிகாட்டி மதிப்பு விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால், அந்த மதிப்புக்கே விற்றதாக வருமான வரித்துறை கொள்ளும். கைக்கு வராத பணத்துக்கும் வரி! உண்மையான சந்தை விலை குறைவுதான் என்றால், துறையின் மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பும்படி கேட்கலாம். அப்போது கையில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை இருப்பது பலம்.

அப்பா, தாத்தா காலத்து வீடென்றால் இன்னொரு மதிப்பும் வேண்டும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே வாங்கிய விலையாகக் காட்டலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பு கிடைத்தால் அதைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் இந்த மதிப்புக்கான அறிக்கையை, வீட்டை விற்கும் முன்பே வாங்கிவிடுங்கள். நகரத்தில் பழைய வீட்டை வாங்குகிறவர் முதலில் செய்வது இடிப்பதுதான். இடித்த பிறகு எதைப் பார்த்து மதிப்பிடுவது?

விற்காமல், வட்டி குறைவான வங்கிக்குக் கடனை மாற்றுகிறவருக்கும் இதே கணக்குதான். ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம்தான் உச்சம். நம் 86 லட்ச உதாரண வீட்டுக்கு, 80 சதவீதக் கணக்கில், உச்சக் கடன் 68.8 லட்சம். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க, தனிநபரிடம் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் புதிய வங்கி சட்ட ஆய்வையும் மதிப்பீட்டையும் திரும்பச் செய்யும். அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பழைய அறிக்கையை நீட்டினால் ஏற்க மாட்டார்கள். தங்கள் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரைத்தான் அனுப்புவார்கள். குறையும் வட்டியில் இந்தச் செலவைக் கழித்துப் பார்த்து, அதன்பிறகு மாறுங்கள்.

மதிப்பீட்டாளரிடம் போகும்போது, அறிக்கை எதற்கு என்பதை முதலில் சொல்லுங்கள். விற்பனைக்கா, கடனுக்கா, 2001-ஆம் ஆண்டு மதிப்புக்கா? மூன்றுக்கும் கேள்வி வேறு, விடையும் வேறு. விற்பனைக்கான தொகை தெரிந்ததும், எந்த விலைக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிடுங்கள். அட்வான்ஸ் மேசையில் வந்து விழுந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான் மிஞ்சும்.

அடுத்த வாரம்: விற்பனை ஒப்பந்தமும் அட்வான்ஸும்.

(தொடரும்)