பொய் சொல்லும் உரிமை

சிரிப்புப் படங்கள் பல ஒரு பொய்யில்தான் தொடங்கும். ஒருவன் பொய் சொல்வான். அதைக் காப்பாற்ற இன்னொரு பொய். அப்புறம் ஆள்மாறாட்டம், ஒளிந்துகொள்வது, மாட்டிக்கொள்வது. பார்க்கிற நாம் பொய் சொல்கிறவன் கூடவே ஓடுகிறோம். மாட்டிக்கொள்வானோ என்று நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஏமாறுகிறவர் எதிர்ப்பக்கம். அங்கே பெரும்பாலும் ஒரு மனைவியையோ காதலியையோ நிறுத்திவிடுகிறார்கள். நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தாலும், அவள் கோபப்படும்போது நம் விளையாட்டைக் கலைக்க வந்தவள் போலத் தெரிகிறாள்.

‘பஞ்சதந்திரம்’ (2002) நினைவிருக்கிறதா? கிரேஸி மோகனின் வசனத்துக்காகவே எத்தனை முறையும் பார்க்கலாம். ஐந்து நண்பர்கள் பெங்களூரு போய் ஒரு பிணத்தோடு திண்டாடுகிறார்கள். மனைவிமாருக்குக் கொடுத்த வேலை சந்தேகப்படுவது. அவர்களில் ஒருவராக வரும் ஊர்வசிக்கே ஓரத்தில்தான் இடம். அந்த ஓரத்திலும் சிரிக்க வைத்தாரே, அது அவர் திறமை.

எனக்கு அதைவிட உறுத்துவது ராஜேஷ் இயக்கிய ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ (2012). நாயகன் ஒரு பெண்ணை விடாமல் துரத்துகிறான், தன் காரியத்துக்காக நண்பனின் காதலைக் கெடுக்கிறான். படம் முடிவதற்குள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறோம். அதே வீட்டில் அவன் அம்மா, சரண்யா பொன்வண்ணன். பட்டதாரி என்று ஒரு பொய் சொல்லிக் கல்யாணம் ஆனவர். அதற்காகக் கணவர் பல வருஷமாக அவரிடம் பேசுவதே இல்லை. அந்த அம்மா இன்னமும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார். மகனின் பொய் குறும்பு, அம்மாவின் பொய் குற்றம். அந்த அம்மாவை வைத்தே ஒரு முழுப்படம் எடுத்திருக்கலாம், கிளைக்கதையாக ஒதுக்கிவிட்டார்கள்.

எப்போதும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். பாலசந்தரின் ‘தில்லுமுல்லு’வில் (1981) ரஜினியின் பொய்யைக் காப்பாற்றப் பொய்யம்மாவாக வருவார் சௌகார் ஜானகி. நடிப்பு ஆசை பிடித்த பணக்காரப் பெண்மணி. ரஜினிக்கு அது வேலையைக் காப்பாற்றும் அவஸ்தை, அவருக்கோ கொண்டாட்டம். ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் (1990) எஸ்.என். லட்சுமியின் பாட்டிக்குக் கை கொஞ்சம் நீளம். அந்தத் திருட்டுப் பாட்டியை வெறுத்தவர் யாராவது உண்டா?

ஆனால் இருவருமே வயதானவர்கள் என்பதையும் பாருங்கள். நாயகி அழகாக இருந்தால் போதும், அசடு வழியக்கூடாது என்பது எழுதாத சட்டம். மொழியும் ஒரு தடை. சிரிப்புக்கு உயிர் குரலில் இருக்கிறது. பல நாயகிகளுக்கோ தமிழே தெரியாது, வேறொருவர் டப்பிங் பேசுவார். அதனால் நீளமான வசனம் அவர்கள் பக்கம் போவதில்லை. நாயகனோடு மல்லுக்கு நின்று பேசும் இடத்தை, சந்தானம் ஒரு காலத்தில் செய்ததுபோன்ற நகைச்சுவை நண்பர் வேடங்கள் எடுத்துக்கொள்கின்றன. நாயகி பாட்டுக்கு வருகிறாள், கோபித்துக்கொள்கிறாள், கடைசியில் சமாதானமாகிறாள்.

இதை மாற்றப் பெரிய புரட்சி ஒன்றும் வேண்டியதில்லை. கதை எழுதுகிறவர்களே, அடுத்த படத்தில் அந்த முதல் பொய்யை நாயகி சொல்லட்டும். அவள் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும். சிரித்துக்கொண்டே அவளையும் மன்னிக்க நாங்கள் தயார்.