குவளை உறிஞ்சுகின்றதா?

இளநீரில் ஒரு குழலை இட்டு உறிஞ்சுபவர், தம் வாயின் வலிமையே நீரை மேலே இழுப்பதாக எண்ணுவர். உண்மையில் வாய் நீரை இழுப்பதில்லை. வாயினுள் உள்ள காற்றின் அமுக்கம் குறைகின்றது. வெளியே உள்ள வளிமண்டலம் நீரின் மேற்பரப்பை அமுக்கி, அதனைக் குழலின் வழியே ஏற்றிவிடுகின்றது. வெற்றிடத்துக்கு இழுக்கும் ஆற்றல் இல்லை. காற்றுக்குத் தள்ளும் ஆற்றலே உண்டு. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பன்னெடுங்காலமாக வழங்கிவரும் குவளைச் சிகிச்சையின் இயல்பும் அதன் எல்லையும் தெளிவாக விளங்கும்.

இச்சிகிச்சை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களில் இது கூறப்படுகின்றது. குருதியை வெளியேற்றும் கருவிகளாக அட்டையோடு மாட்டுக்கொம்பையும் சுரைக்குடுக்கையையும் சுசுருத சங்கிதை குறிப்பிடுகின்றது. கொம்பை வாயால் உறிஞ்சுவது ஒரு முறை. குடுக்கையினுள் சுடரை இட்டு வைப்பது மற்றொரு முறை. அரபு மருத்துவ மரபில் இது ஹிஜாமா எனப் பெயர் பெறும். 2016ஆம் ஆண்டு ரியோ நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டியில், அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்சின் தோள்களிற் காணப்பட்ட வட்டவடிவக் கறைகள் இப்பழைய முறையை உலகெங்கும் மீண்டும் பேசச் செய்தன.

காற்றுக்கு எடையும் அமுக்கமும் உண்டு என்பதை 1643ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி இரசம் நிறைந்த கண்ணாடிக் குழாயைக் கொண்டு காட்டினார். கடல் மட்டத்தில் வளிமண்டலம் 760 மில்லிமீற்றர் உயரமான இரசத்தைத் தாங்குகின்றது. ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பிலும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அமர்ந்திருப்பதற்கு இது ஒப்பாகும். மனித உடலும் இச்சுமையின் கீழேயே வாழ்கின்றது. எனினும், உடலினுள்ளும் அதே அளவு அமுக்கம் நிலவுவதால் சுமை உணரப்படுவதில்லை.

இனி, தீச்சுடர் காட்டிய கண்ணாடிக் குவளையை நோக்குவோம். தீயானது காற்றிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடுவதனாலேயே குவளை ஒட்டிக்கொள்கின்றது எனப் பலர் கருதுவர். முதன்மையான காரணம் அதுவன்று. சூட்டினாற் காற்று விரிந்து, அதில் ஒரு பகுதி குவளையை விட்டு வெளியேறுகின்றது. தோலின் மேற் கவிழ்த்த பின்னர் எஞ்சிய காற்று குளிர்கின்றது. அதன் அமுக்கமும் தாழ்கின்றது. கவிழ்க்கும்போது உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை 127 பாகை செல்சியஸ் எனவும், பின்னர் அது 27 பாகைக்குக் குளிர்கின்றது எனவும் கொள்வோம். தனிவெப்பநிலை அளவில் இது 400இலிருந்து 300க்கு இறங்குவதாகும். ஆகவே அமுக்கமும் நான்கில் ஒரு பங்கு, அதாவது 190 மில்லிமீற்றர் குறைதல் வேண்டும். ஆயினும் தோல் குவளையினுள் எழும்பி இடத்தை நிரப்புவதால், உண்மையான குறைவு இதனிலும் சிறிது தாழ்ந்தே இருக்கும். இக்காலத்தில் தீயின்றிக் கைப்பம்பியாலும் காற்று வெளியேற்றப்படுகின்றது.

அமுக்க வேறுபாடு 200 மில்லிமீற்றர் என்றும், குவளை வாயின் விட்டம் 5 சென்ரிமீற்றர் என்றும் வைத்துக்கொண்டால், அவ்வட்டத்தின் மீது செயற்படும் விசை ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். விட்டத்தை இரட்டித்தால் விசை நான்கு மடங்காகின்றது. சிறு குவளைக்கும் பெரிய குவளைக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவினது.

இவ்விசை தோலில் என்ன செய்கின்றது? குவளைக்கு வெளியே உடல் முழுவதும் வளிமண்டலம் அமுக்கிக்கொண்டிருக்கின்றது. குவளைக்கு உள்ளே மட்டும் அவ்வமுக்கம் குறைந்திருக்கின்றது. எனவே தோலும் அதன் கீழுள்ள தசையும் உள்ளே புடைக்கின்றன. மயிர்க்குழாய்கள் எனப்படும் மிக நுண்ணிய குருதிக்குழாய்கள் வெளித்தாங்கலை இழந்து விரிகின்றன; குருதி அவ்விடத்திற் பெருகித் தோல் சிவக்கின்றது. உறிஞ்சல் கூடினாலோ நேரம் நீண்டாலோ, குழாய்களிலிருந்து நீர்ப்பொருள் கசிந்து வீக்கம் உண்டாகும். அதற்கும் மேற்சென்றால் மயிர்க்குழாய்கள் உடைந்து செங்குருதிக் கலங்கள் வெளிப்படும். அதுவே கருஞ்சிவப்புக் கறையாகும். பின்னர் அங்குள்ள ஈமோகுளோபின் சிதைந்து பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி, சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறைகின்றது. அடிபட்ட இடத்திற் கன்றும் தோலுக்கும் இதற்கும் இயல்பில் வேறுபாடு இல்லை.

இங்கேதான் மக்கள் ஏமாறும் இடம் உளது. கறை எவ்வளவு கருமையோ அவ்வளவு நச்சு உடலில் இருந்தது என்றும், அது வெளியேறிவிட்டது என்றும் கூறுவோர் உளர். யாதொரு நோயும் இல்லாத ஒருவரின் முதுகில் வலிய குவளையை நெடுநேரம் வைத்தாலும் அதே கறை தோன்றும். கறையானது உறிஞ்சலின் அளவையும், நேரத்தையும், தோலின் மென்மையையும் காட்டுவதன்றி நோயின் அளவைக் காட்டுவதன்று. இதனை அறியாதவர் கறை போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் காற்றை வெளியேற்றுவர். அதனாற் கொப்புளமும் புண்ணும் உண்டாகும்.

உறிஞ்சல் மருத்துவத்துக்குப் பயன்படாது என்பது இதன் பொருளன்று. அளந்து பயன்படுத்துவதே மருத்துவத்தின் வழி. 1950களில் சுவீடன் நாட்டு மருத்துவர் மால்ம்ஸ்திரோம், பிரசவத்திற் குழந்தையின் தலையிற் பொருத்தும் உறிஞ்சு கிண்ணத்தை ஆக்கினார். அக்கருவியில் அமுக்கம் அளந்து பேணப்படுகின்றது. ஆறாப் புண்களுக்கு 125 மில்லிமீற்றர் அளவான உறிஞ்சலைப் பயன்படுத்தும் முறை 1997இல் அமெரிக்க மருத்துவர்களால் விளக்கப்பட்டுப் பின்னர் பரவியது. வெண்புள்ளி நோய்க்குத் தோல் ஒட்டும் சிகிச்சையில், மெல்லிய மேற்றோலைப் பெறுவதற்கென்றே உறிஞ்சலால் வேண்டுமென்று கொப்புளம் எழுப்புவர். ஒரே விசையின் அளவும் நேரமும் மாறப் பயனும் மாறுவதை இவை காட்டும்.

கழுத்துவலி, முதுகுவலி ஆகியவற்றில் குவளைச் சிகிச்சை சிறிது காலத்துக்கு ஆறுதல் தருவதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆயின் சிகிச்சை பெறுபவர் குவளையை உணராதிருக்க இயலாமையால், அவ்வாறுதலில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. குருதி உறையாமைக்கு மருந்துண்போர், குருதிப்போக்கு நோயுடையோர், புண்பட்ட தோலுடையோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி குன்றியோர் தீக்குவளையின் சூட்டை அறியாது வெந்துபோதல் கூடும். தோலைக் கீறிக் குருதி எடுக்கும் முறையிற் கருவிகள் கிருமி நீக்கப்படாவிடின், ஈரலழற்சி போன்ற நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும்.

இவற்றிலும் பெரிய கேடு ஒன்றுண்டு. நெஞ்சுவலியோடும் நீங்காத காய்ச்சலோடும் வருபவர், முதுகிற் படிந்த கறையைக் கண்டு நோய் வெளியேறிற்று என அமைதியடைந்து, மருத்துவமனைக்குச் செல்லாது நாட்களைக் கடத்துவதே அது. குவளையினுள் நிகழ்வது காற்றின் தள்ளுதல். தோலின் மேலே எஞ்சுவது அதன் சுவடு. நோய் யாதென்று சொல்லும் ஆற்றல் அச்சுவட்டுக்கு இல்லை.