காடி கிளம்புமா? முதலில் பேட்டரியைக் கேளுங்கள்!



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நள்ளிரவு. பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்து கதவைத் தட்டினான். "அண்ணே! அப்பாவுக்கு மூச்சு வாங்குது. காடியை எடுங்கண்ணே!"

சாவியைத் திருகினேன். 'டிக், டிக்' என்றது, அவ்வளவுதான். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குச் செம்பனைக் காட்டு வழியே நாற்பது நிமிட ஓட்டம். நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். கையால் கியர் போடும் பழைய காடியாதலால் இறக்கத்தில் உயிர் வந்தது. பெரியவர் பிழைத்துக் கொண்டார். ஆட்டோ கியர் காடியைத் தள்ளிக் கிளப்ப முடியாதே. அதுவாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கதை இதோடு முடியவில்லை. மறுநாள் பட்டணத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பானட்டைத் திறந்தார், ஒரு பார்வை பார்த்தார், "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்றார். இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து மாற்றினேன். பத்தே நாளில் புதுப் பேட்டரியும் செத்தது! வேறொரு மெக்கானிக் பார்த்துவிட்டுச் சிரித்தார். தேய்ந்து தளர்ந்து போன பெல்ட் ஒன்றுதான் காரணம். பெல்ட் வழுக்கியதால் ஆல்டர்நேட்டர் சரியாகச் சுற்றவில்லை. பேட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. சில வெள்ளியில் முடிய வேண்டிய வேலைக்கு நான் மூன்று நாள் கூலியைக் கொட்டியிருந்தேன்.

ஆகவே தோழர்களே, சாகும் வரை காத்திருக்கவும் கூடாது. சோதிக்காமல் மாற்றவும் கூடாது.

நம் நாட்டு வெக்கையில் பேட்டரிக்கு ஆயுள் குறைவு. இரண்டு, மூன்று ஆண்டுகளிலேயே பல பேட்டரிகள் தளர்ந்துவிடும். லயத்திலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் காடிக்கு இன்னும் சீக்கிரம். கிளப்பும்போது செலவான மின்சாரம் திரும்ப ஏறுவதற்குள் காடியை நிறுத்திவிடுகிறோமே! வாரத்தில் ஒரு நாளாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள்.

சோதிப்பது எப்படி?

முதலில் கண்ணால் பாருங்கள். பெட்டி வீங்கியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா, கசிகிறதா? அப்படியானால் யோசிக்காமல் மாற்றுங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பயப்பட வேண்டாம். வயர்களைக் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து இறுக்கிப் பூட்டினால், 'செத்த' பேட்டரி எழுந்து உட்கார்வதும் உண்டு. மூடி திறக்கும் பேட்டரி என்றால் தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது.

அடுத்து, மல்டிமீட்டர். இரும்புக் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பைக் கூட்டல் முனையிலும் கறுப்பைக் கழித்தல் முனையிலும் வையுங்கள்.

இரவு முழுதும் ஓய்ந்த காடியில், காலையில் கிளப்புவதற்கு முன் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் காலிதான். ஆனால் காலியாக இருப்பது வேறு, கெட்டுப் போனது வேறு. முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். நிறைய ஏற்றியும் மறுநாளே இறங்கினால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். காடியில் ஏதாவது விளக்கோ ரேடியோவோ இரவில் மின்சாரத்தைக் குடிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிறகு ஒருவர் சாவியைத் திருகட்டும். மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். நிறைந்திருந்த பேட்டரி, கிளப்பும்போது 9.6-க்கும் கீழே விழுந்தால் அதற்கு வயதாகிவிட்டது.

கடைசியாக, என்ஜின் ஓடும்போது அளந்து பாருங்கள். சாதாரணமாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். 13-க்கும் கீழே நின்றால் கோளாறு பெல்ட்டிலோ ஆல்டர்நேட்டரிலோ இருக்கலாம். நான் ஏமாந்த இடம் இதுதான். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து. புதுப் பேட்டரியையும் வேக வைத்துவிடும்.

மீட்டர் இல்லையா? கடையில், "சோதிச்சுக் காட்டுங்க, அப்புறம் மாத்தலாம்" என்று தைரியமாகக் கேளுங்கள். பல கடைகளில் இதற்கான கருவி உண்டு. காசு நம்முடையது, கேட்க வெட்கம் எதற்கு?

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழையதன் அளவும், கூட்டல் கழித்தல் முனைகள் இருக்கும் பக்கமும் ஒத்திருக்க வேண்டும். சிக்னலில் தானாக நின்று தானாகக் கிளம்பும் புதுக் காடிகளுக்குத் தனி ரகம் வேண்டும். மோதிரம், காப்பைக் கழற்றி வையுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும். கழற்றும்போது கறுப்பு முதலில், சிவப்பு பிறகு. மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. முறை மாறினால், ஸ்பேனர் காடி உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

பழையதை லயத்துக்குப் பின்னால் போட்டுவிடாதீர்கள். ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். ஆசிட்டைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பழைய பேட்டரி ஆபத்தான கழிவுப் பட்டியலில் இருக்கிறது. கடையிலேயே கொடுத்தால் ஈயத்துக்காக விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். கேட்டால்தான் குறைப்பார்கள்!

ரசீதும் உத்தரவாத அட்டையும் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். உத்தரவாதக் காலத்துக்குள் கெட்டும் கடைக்காரர் கையை விரித்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஐந்து வெள்ளி கட்டி மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் ரசீது வேண்டும். நான் அன்று ரசீது வாங்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், சாவியைத் திருகுவதற்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் காடியையும் சேர்த்துப் பாருங்கள். நடுராத்திரியில் யார் வீட்டுக் கதவை யார் வந்து தட்டுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?