ஈஸ்டர் முயலும் தொலைந்துபோன ஒரு 'அநேகமாக'வும்

போன வருஷ ஈஸ்டர் எபிசோடில் ஒரு கதை சொன்னேன், ஞாபகம் இருக்கா? ஈயோஸ்ட்ரேன்னு ஒரு பழைய பெண் தெய்வம் பறவை ஒன்றை முயலாக மாற்றினாள், அதனால்தான் ஈஸ்டர் முயல் முட்டை போடுதுன்னு. "இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?" என்று ஒருத்தர் எழுதிக் கேட்டார். தேடிப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு.

ஈயோஸ்ட்ரே பற்றிக் கிடைக்கிற பழைய குறிப்பு ஒன்றே ஒன்றுதான். 725-ல் பீட் என்ற ஆங்கிலேயத் துறவி, காலக்கணக்கு பற்றிய நூலில், ஏப்ரலை ஒட்டிய மாதத்துக்கு அவள் பெயர் இருந்தது, அவளுக்கு விழா எடுத்தார்கள் என்கிறார். அவ்வளவுதான். முயலும் இல்லை, முட்டையும் இல்லை.

முயல் வருவது 1682-ல். ஃபிராங்க் என்ற ஜெர்மன் மருத்துவர், அல்சாஸ் பக்கம் முயல் தோட்டத்துப் புல்லில் முட்டை ஒளித்து வைப்பதாகப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள் என்று எழுதினார். மனுஷனுக்குக் கவலையே வேற: நிறைய முட்டை தின்னா வயிறு கெடுமே!

ரெண்டையும் சேர்த்தது யாரு? 1835-ல் யாக்கோப் கிரிம் (ஆமா, அந்த கிரிம் சகோதரர்தான்) ஜெர்மனியிலும் 'ஓஸ்டாரா' என்று ஒருத்தி இருந்திருக்கணும் என்று பெயரை வைத்து ஊகித்தார். 1874-ல் ஹோல்ட்ஸ்மான், முயல் எப்படி வந்ததென்று எனக்கு விளங்கலை, அநேகமாக அது ஓஸ்டாராவின் விலங்கு என்றார். முட்டை போடுதே, அப்போ முன்னாடி பறவையா இருந்திருக்கணும்னு அதன்மேல் இன்னொரு ஊகம். பின்னால் வந்தவங்க 'அநேகமாக'வைக் கழற்றிட்டாங்க. 'இது சரியான்னு தெரியலை'ன்னு கமென்ட் போட்ட கோடை காப்பி பண்றவர் கமென்ட்டை மட்டும் விட்டுடுவாரே, அதே கதை.

முட்டைக்கு இவ்வளவு மர்மம் வேண்டாம். அந்தக் காலத்தில் தவக்காலத்தின்போது முட்டை விலக்கா இருந்தது. கோழிக்கு அது தெரியுமா? சேர்ந்த முட்டையெல்லாம் ஈஸ்டருக்குத்தான். 1290-ல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டின் அரண்மனைக் கணக்கில் 450 ஈஸ்டர் முட்டைகளுக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கு.

அப்புறம் அந்த இஷ்தார் ஃபார்வர்டு. 'ஈஸ்டர்' மாதிரி ஒலிக்கிற பெயர் முக்கியமா ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான். பிரெஞ்சின் 'பாக்', நம்ம ஊர்க் கத்தோலிக்கர்கள் சொல்லும் 'பாஸ்கா' எல்லாம் யூதர்களின் பெசாஹ் பண்டிகையின் பெயரிலிருந்து வந்தவை. பாபிலோன் தெய்வத்துக்கு இதில் வேலையே இல்லை.

அதுக்காக, பீட் அந்தத் தெய்வத்தைக் கற்பனை செய்தார்னு அடிச்சுச் சொல்றதும் அவசரம். 1958-ல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் அருகே ரோமானியர் காலக் கல்வெட்டுகள் 150-க்கும் மேல் கிடைத்தன. அவற்றில் இருக்கும் தாய்த் தெய்வங்களின் பெயர் 'ஆஸ்ட்ரியாஹெனே'. ஒலி நெருக்கமா இருக்கு இல்லையா?

பழைய எபிசோடை நீக்கலை. அதன் கீழே திருத்தம் சேர்த்திருக்கேன்.