லாச்சிக்குப் பின்னால் ஒரு பத்திரம்

பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். பிறப்புச் சான்றிதழைக் காணவில்லை. கோப்புகள் வைக்கும் இரும்புக் கபினட்டில்தான் வைத்தீர்கள். உங்கள் பார்வை வீட்டு வேலைக்கு வரும் பெண் மீது திரும்புகிறதா? பொறுங்கள். வீண் சந்தேகத்தை சூரா அல்ஹுஜுராத் தடுத்திருக்கிறது. முதலில் லாச்சியைக் கழற்றிப் பாருங்கள்.

நிரம்பிய லாச்சியின் பின்பக்கத்தால் தாள்கள் நழுவி அடியில் விழுவதுண்டு. எனவே அடி லாச்சியை மட்டும் கழற்றினாலே பெரும்பாலும் போதும். அதை வெறுமையாக்குங்கள், மேல் லாச்சிகள் மூடியே இருக்கட்டும். பாரத்தோடு அவற்றையும் இழுத்தால் கபினட் முன்னே சரியும். சிறு பிள்ளைகளை அறைக்குள் விடாதீர்கள்.

பழைய வகை லாச்சிகள் சிறு சில்லுகளில் ஓடும். தடைபடும்வரை இழுத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் கழன்றுவிடும். புதியவற்றில் இரு பக்கமும் சிறிய பிளாஸ்டிக் நெம்பு இருக்கும். அனேகமாக ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளிப் பிடித்தபடி இழுக்க வேண்டும். இங்கேதான் பலர் ஒன்றை மட்டும் அழுத்திவிட்டு மல்லுக்கட்டுகிறார்கள்!

சிலவற்றில் ஒரு லாச்சி திறந்திருந்தால் மற்றது திறக்காது. அது பழுதல்ல, சரியாமலிருக்க வைத்த பூட்டு.

கழற்றியதும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடித்தகடு இல்லாத கபினட்டானால் தரையிலும் தேடுங்கள். தகட்டின் ஓரம் விரலை வெட்டும், கவனம். திரும்பப் பூட்டும்போது இரு பக்கமும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தில் ஏற வேண்டும். கோணலாகத் தள்ளினால் இறுகிவிடும்.