கொல்லையில் கிடைத்த சுருள் கல்

அரியலூர், பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் கோடை உழவு ஓட்டும்போது சுருண்ட கல் ஒன்று கலப்பையில் மாட்டும். ஏதோ பழைய நத்தை என்று வரப்பில் வீசிவிடுவார்கள். வீசுமுன் திருப்பிப் பாருங்கள். நத்தையின் சுருள் ஒரு பக்கமாகக் கூம்பி எழும். இது ஒரே தளத்தில் சுருண்டு, இருபுறமும் ஒன்றுபோல இருக்கிறதா? மேலோடு தேய்ந்த இடத்தில் இலையின் ஓரம்போல வெட்டு வெட்டாக நெளியும் கோடுகள் தெரிகின்றனவா? அப்படியானால் அது அம்மோனைட். கணவாய்க்குத் தூரத்து உறவு. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர் எழுப்பிக்கொண்டே வளர்ந்த கடல் உயிரி. அந்தச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடமே நெளிகோடு. கோடு வெறும் வளைவாக ஓடினால், இதேபோல அறை ஓடு கொண்ட இன்னொரு கடல் உயிரியான நாட்டிலஸ் இனம் என்று கொள்ளலாம்.

டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த மண் கடலடியில் கிடந்தது. இங்கிருந்து போன சிப்பிகளையும் சுருள்களையும் பற்றி லண்டனில் இயற்கை ஆய்வாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே எழுதிவிட்டார்.

உருண்டைக் கல் கிடைத்தால்தான் ஊரே கூடிவிடும். 2020-இல் பெரம்பலூர் மாவட்டக் குன்னத்தில் ஏரி மண் அள்ளியபோது வெளிவந்த உருண்டைகள் ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப்பில் பறந்தன. ஒரு சிப்பியையோ அம்மோனைட்டையோ சுற்றிச் சேறும் சுண்ணாம்பும் படிந்து இறுகிய திரளைகள் அவை என்று நிபுணர்கள் சொன்னார்கள். முட்டை என்றால் உடைந்த விளிம்பில் ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும்; லென்ஸில் அதன் நுண்துளைகளும் தென்படலாம். வினிகர் விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள், திரளையும் நுரைக்கும்.

என்னைக் கேட்டால் முட்டையைவிட அம்மோனைட்டே உசத்தி. அதன் இனங்கள் சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் அழிந்தவை. எந்த இனம் என்று தெரிந்தால், அது கிடந்த பாறை அடுக்கின் வயதை நெருங்கிச் சொல்லிவிடலாம்.

அதனால் உளி வைத்துச் சுரண்ட வேண்டாம். ஒட்டிய மண்ணும் சாட்சிதான். பக்கத்தில் ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் படமெடுங்கள். அரியலூர் பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கல் கிணற்று மண்ணில் வந்ததென்றால், எத்தனையாவது அடியில் வந்தது என்று வெட்டிய ஆளிடமே கேட்டுக் குறித்துவையுங்கள்.